மணியின் பிறப்பும் மாந்தர் பிறப்பும்: ஒற்றியூர் மாணிக்க மாலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

திருவொற்றியூரில் கோயில் கொண்டுள்ள வடிவுடையம்மையின்மீது இராமலிங்க அடிகள் (1823–1874) பாடிய வடிவுடை மாணிக்க மாலை, காப்புச் செய்யுள் நீங்க, 101 கட்டளைக் கலித்துறைகளால் ஆகியது. செய்யுள்தோறும் ஈற்றில் அம்மை மாணிக்கம் என விளிக்கப்பெறுகின்றாள். இவ்விளிக்குப் பொருள் காண்டல் எளிது போலத் தோன்றும். மாணிக்கம் விலை மிக்கது. தாய் விலை கடந்தவள். ஆதலின் உவமை பொருந்தும் என்று கூறி மேற்செல்வாரே பலர். யாமும் பல்லாண்டு அவ்வாறே கூறி வகுப்பை நடத்தி வந்தோம்.

சில ஆண்டுகட்கு முன் முதுகலை வகுப்பில் இம்மாலை நடைபெறுங்கால், இராயபுரத்திலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மாணிக்கம் அம்மைக்கு உரிய கல் என்றால், அம்மை ஜூலைத் திங்களில் தோன்றினாள் என்று கொள்ளலாமா?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது, அவர் நகைக்கவில்லை. பின்னர்த் தனியே வந்து செய்தியைக் கூறினார். அவர் பிறந்தது ஜூலைத் திங்கள். தந்தையார் துறைமுகத்தில் சுமைப்பணி செய்பவர். மகனுக்கு வேலை கிட்டவேண்டுமென்று தாயார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, ஒரு கடையில் மாணிக்கம் பதித்த மோதிரம் வாங்கியுள்ளார். கடையில் கொடுத்த அட்டை ஒன்றை மாணவர் எம்மிடம் காட்டினார். பன்னிரண்டு திங்களுக்கும் பன்னிரண்டு கற்கள் அதில் அச்சிடப்பெற்றிருந்தன. அடியில், இம்முறை சிலப்பதிகாரம் கூறும் தமிழர் தொன்மரபு என்று ஒரு தொடர். சின்னாள் கழித்து மற்றோர் ஆய்வாளரிடம் காட்டியபோது, அக்கல் நெருப்பில் ஆக்கியது, மண்ணில் விளைந்ததன்று என்று அவர் கூறிவிட்டாராம். கடை யாது என்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. ஆயின் சிலப்பதிகாரத்தின் பெயரால் ஒரு தாயின் சங்கிலி அடகுக்குச் சென்றது என்பதைக் கேட்டபின், அந்நூலைக் கற்பிக்கும் யாம் வாளாவிருத்தல் தகாது எனத் தோன்றிற்று. அட்டையில் கண்ட கூற்று மெய்தானா என்று நூலைக்கொண்டே ஆராயத் தலைப்பட்டோம். அவ்வாராய்ச்சி ஒற்றியூர் மாலைக்கே எம்மை மீட்டுக் கொணர்ந்தது.

சிலப்பதிகாரத்தில் மணிகள் விரித்துரைக்கப்படும் இடம் மதுரைக் காண்டத்து ஊர்காண் காதை. கோவலன் மதுரை மாநகரின் வீதிகளைக் கண்டு வருகின்றான். அவற்றுள் ஒன்று மணிவணிகர் வீதி. இளங்கோவடிகள் அங்கே வணிகனின் கண்கொண்டு பேசுகின்றார். வயிரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை எனக் குற்றங்களை எண்ணி, அவை நீங்கியது என்கின்றார். மரகதத்துக்கு ஏகை, மாலை, இருள் என்பன குற்றம். மாணிக்க வருக்கத்துக்குப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கு சாதி. முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் நேரும் குற்றங்கள் கூறப்பெறுகின்றன. பவளத்துக்குத் துளையும் முடக்கமும் திருகலும் ஆகா. அடியார்க்கு நல்லார் இவ்விடத்தில் உரையை விரித்து, மணிநூல் வழக்குகளைத் தொகுத்துத் தருகின்றார். உ. வே. சாமிநாதையர் 1892இல் இந்நூலை உரையுடன் பதிப்பித்திராவிடின் இச்சொற்களுட் பல நமக்கு எட்டியிரா.

இத்துணை விரிவுக்கிடையே அணிவோன் எங்கே? அணிவோனின் நாளும் கோளும் எங்கே? தேடினும் கிட்டா. ஒரேயோர் இடத்தில் கோள் வருகின்றது. அதுவே கடைக்காரர்க்குத் துணையாக அமைந்தது போலும். முத்தினைக் கூறுமிடத்து அங்காரகன் முதலான கோளின் பெயர் ஆளப்படுகின்றது. ஆயின் அது முத்தின் நீரோட்டத்தை, அதன் வெண்மையும் செம்மையுமாகிய ஒளியைக் காட்டவந்த ஒப்புமை. செவ்வாய் தோடம் உடையார் இதனை அணிக என்னும் விதியன்று. கோள் வந்தமை கொண்டு சோதிடம் வந்ததெனல், மதி என்னும் சொல் வந்த இடமெல்லாம் பஞ்சாங்கம் உண்டு என்பது போலாம்.

காப்பியத்தின் நெஞ்சே ஒரு மாணிக்கத்தில் தங்கியுள்ளது என்பதையும் கருதுக. தேவியின் சிலம்பினுள் முத்து. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கம். வழக்குரை காதையில் சிலம்பு உடைபட, உள்ளிருந்த பரல் அரசன் முன் தெறிக்கின்றது. அணிந்தவளுக்கு அக்கல் நல்வாழ்வு தந்ததா? தரவில்லை. கொழுநனை இழந்தபின், தன் இனம் இன்னது என்று அறிவிப்பதொன்றே அக்கல் செய்த உதவி. அது காப்பாற்றும் கல்லன்று. சான்று கூறும் கல். இதனினும் தெளிவாக அட்டைக்காரர்க்கு மறுமொழி கூறவல்ல இடம் பிறிதில்லை.

இனி, பிறப்பு என்னும் சொல் மணியோடு சேர்ந்து வருமிடங்களை நோக்குவோம். அவை தமிழில் பலவாக உள்ளன. பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்ததைக் கண்ணகனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (218), பொன், பவளம், முத்து, மலைதந்த மணி ஆகியன தோன்றிய இடத்தால் ஒன்றற்கொன்று சேய்மையுடையன. எனினும் அணிகலம் ஒன்றில் கோக்குங்கால் அவை ஒருங்கு கூடுகின்றன. சான்றோரும் அத்தகையர் என்பது கருத்து. கலித்தொகையில் (9) உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிவரும் செவிலிக்கு வழியில் கண்ட அந்தணர் கூறும் விடையும் இத்தகையதே. முத்து நீரில் பிறக்கின்றது. ஆயினும் பிறந்த நீருக்கு அதனால் பயனில்லை, அணிவார்க்கே பயன். மகளும் அவ்வாறே பெற்றோரை நீங்குகின்றாள். இவ்விரு பாட்டிலும் பிறப்பு என்பது மணியின் பிறப்பு. மணி எங்குப் பிறந்தது, பிறந்த இடம் விட்டு எங்குச் சேர்ந்தது என்பதில்தான் புலவர்க்கு நாட்டம். மூங்கிலிலும் கரும்பிலும் யானைக் கோட்டிலும் முகிலிலும் முத்துப் பிறக்கும் எனப் பிற்காலத்தார் இடங்களை அடுக்கிக்கொண்டே சென்றதும் இந்நாட்டத்தின் மிகுதியே. உலகியலுக்கு ஒவ்வாதவை அவற்றுட் பல, அது வேறு.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலின் 17ஆவதாகிய மாணிக்கம் விற்ற படலம் இந்நாட்டத்துக்கு ஒரு கதையே வகுத்துத் தருகின்றது. வீரபாண்டியன் வேட்டையிற் புலியால் இறக்கின்றான். காமக்கிழத்தியர் மக்கள் கருவூலத்தையும் முடியையும் கவர்ந்து செல்கின்றனர். இளங்குமரனுக்கு முடி செய்ய மணியில்லை. இறைவன் மணிவணிகனாய் வந்து ஒன்பான் மணிகளைப் பரப்பி, அவை தோன்றிய வரலாற்றைக் கூறுகின்றான். வலன் என்னும் அசுரன் இந்திரனுக்கு வரந்தர முற்பட்டு, வேள்விப் பசுவாகுமாறு இந்திரன் இரக்க, தன் உடலையே கொடுத்தான். அவன் குருதி மாணிக்கம் ஆயிற்று, பல் முத்து, என்பு வயிரம், பித்தம் மரகதம், கண் நீலம். வடமொழிப் புராணத்திலும் இக்கதை உண்டு. இது மணியின் பிறப்புக்கதை. கேட்டார்க்குக் கொடுத்த ஒருவன் உடம்பிலிருந்து மணி பிறந்தது என்பது அதன் உட்கிடை.

இப்படலத்தை எம் கருத்துக்கு முழுச்சான்றாகக் காட்டுதல் நேர்மையாகாது. மாணிக்கத்தைச் சாதரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் என நான்காக்கி, நால்வகை வருணத்தார்க்கு உரிமை கூறுவதும், அணிவார் பெறும் பயன் கூறுவதும் அதன்கண் உள்ளன. ஆகவே அணிவோனை மணிநூல் மரபு முற்றும் மறந்தது என்று யாம் கூறவில்லை. அங்கே அணிவோன் குலத்தால் குறிக்கப்பெற்றான், திங்களால் அன்று. குலத்தால் குறித்தமையை இன்று போற்றவேண்டும் என்பதும் எம் கருத்தன்று. பழைய நூல் கூறிற்று என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. பழைய நூல் கூறாததைக் கூறிற்று என்பதோ அதனினும் தீது.

அவ்வட்டையின் பன்னிரு கல் முறை யாண்டிருந்து வந்தது? எபிரேயர் மறையில் தலைமைக் குருவின் மார்பணியில் பன்னிரண்டு கற்கள் கூறப்படுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான யோசேபசு அவற்றைப் பன்னிரு திங்களோடும் இராசிகளோடும் இயைத்துக் காட்டினார். பிறந்த திங்களின் கல்லை அணியும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பிற்பட்டே பரவிற்று. இன்று கடைகளில் வழங்கும் வரிசையை 1912இல் வரையறை செய்தது அமெரிக்க நகை வணிகர் சங்கம். 1952இல் அது திருத்தப்பெற்றது. டான்சானைட்டு என்னும் நீலக்கல் 1967இல்தான் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் கண்டறியப்பட்டது. 2002இல் அது டிசம்பர்த் திங்களுக்கு உரியதாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே 1960இல் டிசம்பரில் பிறந்த ஒருவருக்கு, பிறக்கும்போது உலகம் அறியாதிருந்த ஒரு கல் பின்னாளில் பிறவிக்கல் ஆகிவிட்டது. வணிகர் தம் வணிகத்துக்கு வகுத்துக்கொண்ட வரிசை இது என்பதை மறைக்காத வரையில் அதில் குற்றம் காண யாம் விரும்பவில்லை.

நம்மவர் கடைகளில் நிகழ்வது வேறு. அமெரிக்க மாதக்கல்லும் சோதிடரின் இராசிக்கல்லும் ஒரே அட்டையில் கலக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று முரணுவன என்பதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. சோதிட முறையில் மாணிக்கம் ஞாயிற்றுக்கு உரியது. ஞாயிற்றின் ஆட்சி வீடு சிம்மம். அது நம் ஆவணித் திங்கள். ஜூலையோ ஆனியின் பிற்பகுதியும் ஆடியின் முற்பகுதியும் சேர்ந்தது, மிதுனமும் கடகமும். மிதுனத்துக்கு உரியோன் புதன், அவன் கல் மரகதம். கடகத்துக்கு உரியோன் மதி, அவன் கல் முத்து. மேலும் நம் வழக்கில் இராசி என்பது பிறந்தபோது மதி நின்ற வீடேயன்றி ஞாயிறு நின்ற வீடன்று. ஆதலின் ஜூலையில் பிறந்தார் அனைவர்க்கும் மாணிக்கம் என்பது சோதிடத்தின்படியும் பிழை. எம் மாணவரின் தாயார் நம்பியது எந்த மரபையுமன்று. இரு மரபுகளின் பெயர்ப்பலகைகளை ஒட்டித் தைத்த ஒன்றை.

இனிக் கல்லின் இயல்பினைச் சிறிது காண்போம். மாணிக்கம் அலுமினியமும் உயிர்வளியும் கூடிய கனிமம்; குரோமியம் சிறிதளவு கலத்தலால் செம்மை பெறுவது. இக்கனிமத்தை உலக அறிவியலார் 'கொரண்டம்' என வழங்குவர். அச்சொல் தமிழ்க் குருந்தம் என்பதிலிருந்து சென்றது என ஆங்கிலச் சொல்லாராய்ச்சியாளர் ஒப்புவர். மாணிக்க வகையாக மணிநூல் கூறும் குருவிந்தம், இளங்கோவடிகள் குறுக்கிக் கூறும் விந்தம், இவையெல்லாம் அதனோடு உறவுடைய சொற்கள். நம் நாட்டில் குருந்தக்கல் சாணை பிடிக்கவும் மெருகிடவும் நெடுங்காலம் பயன்பட்டது. வயிரத்துக்கு அடுத்த வன்மை உடையதாதலின் அதற்கு அப்பணி பொருந்திற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான அச்செசன் மின்னுலையில் புதியதொரு வன்பொருளைக் கண்டார். அது கரியும் கொரண்டமும் கூடியது எனப் பிறழக் கருதி, 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் கூடியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1954இல் நிறுவப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் என்னும் நிறுவனத்தின் சாணைத் தொழிற்சாலை நிற்பது எங்கே? திருவொற்றியூரில். எண்ணூர் நெடுஞ்சாலையில் செல்லும் தொழிலாளர் நாள்தோறும் உச்சரிக்கும் அப்பெயரின் பின்பாதி, மாணிக்கத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்றன் திரிபு என்பதை எத்துணைப் பேர் அறிவர்! கோயிலில் அம்மைக்கு மாணிக்கம் என்று பெயர். சிறிது தொலைவில் அதே இனத்துக் கல்லின் பெயர் சாணைச் சக்கரத்தின்மீது. இவ்விரண்டும் ஓரூரில் கூடியது தற்செயலே. அதற்குமேல் அதில் மறைபொருள் தேட வேண்டா. ஆயினும் ஒன்றை அது கண்முன் நிறுத்துகின்றது. பொருள் ஒன்றே, இரும்பைத் தேய்ப்பதும் அதுவே, முடியில் ஏறுவதும் அதுவே. வேற்றுமை ஒளி ஊடுருவுவதிலும் அதனைக் காணும் கண்ணிலும் உள்ளது.

மாணவரின் மோதிரக்கல்லும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. பிரெஞ்சு அறிஞர் வெர்நூயில் நெருப்புச்சுடரில் மாணிக்கம் ஆக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அவ்வாறு ஆக்கிய கல் கண்ணாடியன்று. வேதியியல் நோக்கில் மெய்யான குருந்தமே. ஊர்காண் காதையின் முறைப்படி குற்றம் தேடினால், விளைந்த மாணிக்கத்தினும் ஆக்கிய மாணிக்கமே பெரும்பாலும் தூயதாக நிற்கும். இன்றைய ஆய்வாளர் செய்வது நேர்மாறானது. உருப்பெருக்கியில் நோக்கி, வளைந்த கோடுகளும் வளிக்குமிழிகளும் இருப்பின் உலையில் பிறந்தது என்பர். பட்டிழை போன்ற நுண்ணூசிகள் உள்ளே படர்ந்திருப்பின் மண்ணில் பிறந்தது என்பர். பழையோர் விலை குறைக்கக் கண்ட குற்றம், இன்று பிறப்பைக் காட்டும் சான்றாயிற்று. அறிவியலாரும் நம் புலவர் கேட்ட வினாவையே கேட்கின்றனர்: கல்லே, நீ எங்குப் பிறந்தாய்? வாங்குவோனை நோக்கி நீ எப்போது பிறந்தாய் என்று கேட்பவன் ஒருவனே, அவன் விற்பவன்.

இவ்வளவும் கண்டபின் ஒற்றியூர் மாலைக்கு மீள்வோம். அதன் முதற்செய்யுளில் அடிகள் அம்மையைக் கடலில் தோன்றிய அமுதமாகவும் கரும்பாகவும் கனியாகவும் விளிக்கின்றார். இவை நாவுக்கு உரியன, புறத்துள்ளன. பின்னர் உடம்பினுள் உயிர், உயிரினுள் உணர்வு, உணர்வினுள் ஒளி எனப் படிப்படியே உள்ளே செல்கின்றார். அவ்வொளியை அடைந்தபின், மருந்து, மலர் என வந்து, மாணிக்கம் என்று நிறுத்துகின்றார். ஆகவே ஈற்றில் வரும் மாணிக்கம் விலைப்பொருளாக வரவில்லை. அகத்தே ஒளியுடையது என்னும் இயல்பால் வருகின்றது. புறத்தொளியை வாங்கி உமிழ்வது ஏனைய கல். தன்னுள் தீக்கொண்டது மாணிக்கம் என்பது பழையோர் நம்பிக்கை. அந்நம்பிக்கை அறிவியலுக்கு ஒவ்வாதாயினும் செய்யுளின் வைப்புமுறையை விளக்க அதுவே துணை.

திருக்கடவூர் அபிராமி அந்தாதியின் முதற்பாட்டோடு இதனை ஒப்பிடுதல் நலம். யாப்பு ஒன்றே, அங்கும் அம்மை மாணிக்கம் எனப்படுகின்றாள். ஆயின் அங்கே மாணிக்கம் இளஞாயிறு, திலகம், மாதுளை, குங்குமம் ஆகியவற்றின் நடுவே நிற்கின்றது. நிறம் நோக்கிய அடுக்கு அது. எனினும் பட்டர் அறிவுடையார் மதிப்பதைச் சுட்டும் அடையொன்றை அம்மாணிக்கத்துக்கு மட்டும் தருகின்றார். மதிப்பு கல்லில் இல்லை, மதிப்பார் அறிவில் உள்ளது என்னும் மணிவணிகர் வீதியின் கொள்கை அவ்வடையில் உறைந்துள்ளது. பட்டர் நிறத்தைப் பற்றினார், அடிகள் ஒளியைப் பற்றினார் என்று கூறின் அது பெரும்பாலும் பொருந்தும்.

அடிகள் இளமையில் வாழ்ந்த ஏழுகிணற்றுப் பகுதி கோட்டைக்கு வடக்கே அமைந்த வணிக நகரின் பகுதி. பவளக்காரத் தெரு அந்நகர்ப்பகுதியில்தான் உள்ளது. மேனாட்டுப் பவளத்தைக் கொணர்ந்து கோல்கொண்டா வயிரத்தைக் கொண்டுசென்ற வணிகர் வாழ்ந்ததால் அப்பெயர். முத்தியாலுப்பேட்டை என்னும் பெயரிலும் முத்து உண்டு. மணியும் பவளமும் பேரம் பேசப்பட்ட அத்தெருக்களின் அண்மையிலிருந்து ஒற்றியூருக்குச் சென்று வழிபட்டவர் அவர். ஒற்றி என்றால் அடகு. இறைவன் தன் ஊரை ஒற்றி வைத்துவிட்டவன் என்று அச்சொல்லைப் பற்றி விளையாடுதல் அடிகட்குப் பெருவிருப்பம். இங்கித மாலையில் அதனை நிரம்பக் காணலாம். மதுரையில் மாணிக்கம் விற்ற வணிகன், ஒற்றியூரில் ஊரையே அடகு வைத்த ஏழை. அவ்வேழையின் மனையில் இருப்பது மாணிக்கம். இம்முரணைப் பற்றிக்கொண்டு வாசித்தால் மாலையின் பல செய்யுட்கள் புதிய சுவை தருகின்றன. ஊரின் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தடிகளின் கதையும் அயலதன்று. கடல்கடந்து மீண்ட மகன் கொணர்ந்த வறட்டியினுள் மணி இருந்ததைப் பெருவணிகரான தந்தை முதலில் அறியவில்லை. அவரைத் துறவியாக்கியது பேழையில் இருந்த காதற்ற ஊசி.

மாலை முழுதும் இவ்வளவு செறிவுடையது என்று கூறின் அது புகழுரையாகுமேயன்றித் திறனாய்வாகாது. 101 செய்யுட்களில் பலவற்றில் மாணிக்கம் என்னும் விளி முன்னுள்ள அடிகளோடு சிறப்பாக ஒன்றும் தொடர்பின்றி, மகுடமாக மட்டும் நிற்கின்றது. பசியும் பிணியும் மனத்தின் அலைவும் கூறிக் குறையிரக்கும் பாட்டுக்களில், மாணிக்கம் என்பதற்கு மாறாக வேறெந்த விளி வரினும் பொருள் குன்றாது. ஒளியும் உணர்வும் பேசப்படும் பாட்டுக்களிலும், ஒற்றி என்னும் சொல் விளையாடும் பாட்டுக்களிலும்தான் அச்சொல் உயிர்பெறுகின்றது. மகுடம் வைத்துப் பாடுவார் எல்லார்க்கும் நேரும் இடர் இது. உரைகாரர் எல்லாப் பாட்டிலும் ஒரே விளக்கத்தைத் திரும்பக் கூறாமல், விளி தொழிற்படும் இடத்தையும் படாத இடத்தையும் பிரித்துக் காட்டியிருப்பின் மாணவர்க்குப் பெரும்பயன் விளைந்திருக்கும்.

செய்யவேண்டிய பணி ஒன்றும் உண்டு. அடியார்க்கு நல்லார் உரை, இரு திருவிளையாடல்கள், நிகண்டுகள் ஆகியவற்றில் உள்ள மணிநூற் சொற்களைத் தொகுத்து, மணிவணிகரும் கல்லிழைப்போரும் இன்றும் வாய்மொழியாக வழங்கும் சொற்களோடு ஒப்பிடவேண்டும். ஏகை என்பதற்கு இழைப்பவர் இன்று கூறும் சொல் யாது, விந்து என்று எதனைக் கண்டு கூறினர், மாலை என்னும் குற்றம் உருப்பெருக்கியில் எவ்வாறு தோன்றும் என்பன நூலகத்தில் இருந்துகொண்டே விடை காணத்தக்கன அல்ல. முதுகலை ஆய்வேட்டுக்கு எம் மாணவர் இப்பொருளையே எடுத்துக்கொண்டார். மோதிரத்தைக் கழற்றிவிட்டாரா என்று யாம் கேட்கவில்லை. அது விரலில் இருக்கத்தான் கண்டோம். தாயார் கொடுத்தது, ஐயா, என்றார்.